ஏற்காட்டில் வண்டி ஓட்டும் தம்பிக்கு, மொரீஷியஸிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிரில் காலையில் வெளியே போக வேண்டாம் என்று சொல். போனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். சாவகாசமாகப் படி. உன் தொழிலுக்கு வேண்டியது இதில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தையல் கம்பெனியில் வேன் வைத்து, தீவின் தென்மேற்குப் பக்கம் ஒரு நாள் கூட்டிப்போனார்கள். கூடவே ஒரு கைடு. வயசு அறுபதை ஒட்டி இருக்கும். அவருடைய முன்னோர் நம்ம பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பல் ஏறி வந்தவர்கள். தமிழ் பேச வராது, கிரியோலும் பிரெஞ்சும்தான். எங்களுக்காக இங்கிலீஷில் சொன்னார். ஆனால் தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுக்கிறார். தைப்பூசம் இங்கே அரசாங்க விடுமுறை.

முதலில் கங்கா தலாவ். பழைய எரிமலை வாயில் தேங்கிய ஏரி, பக்கத்தில் 108 அடி சிவன் சிலை. சிவராத்திரிக்குத் தீவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் நடந்தே வருவார்களாம். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்து பிளாக் ரிவர் கார்ஜஸ் காடு. 1994-இல் தேசியப் பூங்கா ஆனது. வியூ பாயிண்டில் எல்லாரும் போட்டோ எடுத்து முடித்ததும், கொஞ்ச தூரம் தள்ளி ரோட்டோரம் வேனை நிறுத்தச் சொன்னார். கோலிக்குண்டு அளவில் சிவப்புச் சிவப்பாகப் பழம், ஒருவகைக் கொய்யா. புளிப்பும் இனிப்புமாக நன்றாக இருந்தது, ஆளாளுக்குப் பறித்துத் தின்றோம். தின்று முடிக்கிற வரை பேசாமல் இருந்தார். பிறகுதான் சொன்னார், இந்த மரம்தான் எங்கள் காட்டை அழிக்கிறது என்று. பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததாம். பழத்தைத் தின்னும் பன்றியும் குரங்கும் விதையை எங்கும் போடுகின்றன. நெருக்கியடித்து வளர்ந்து, அடியில் வெயிலே விழ விடுவதில்லை. கையால் கிளைகளை விலக்கி, உள்ளே ஒரு கருங்காலிக் கன்றைக் காட்டினார். என் முழங்கால் உயரம்கூட இல்லை, நாலைந்து இலைதான். 1600-களில் டச்சுக்காரர்கள் வெட்டிக் கப்பலேற்றிய மரம் அது. இப்போது பல இடங்களில் கொய்யாவை வேரோடு பிடுங்கி, வேலி போட்டு, இந்த மாதிரிக் கன்றுகளை வளர்க்கிறார்கள். இந்தக் காட்டில் ஒரு சின்ன வல்லூறு உண்டு. 1974-இல் உலகத்திலேயே நாலே நாலுதான் தெரிய இருந்ததாம். முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, வளர்த்துக் காட்டில் விட்டு, இன்றைக்கு நூற்றுக்கணக்கில் பறக்கின்றன.

எனக்கு உடனே, இதே மாதிரி வெளியிலிருந்து வந்து நம்ம காட்டில் பரவியிருக்கிற உண்ணிச்செடி ஞாபகம் வந்தது. நம்ம மலையில் அது பிடித்திருக்கிற இடத்தை எந்த டூரிஸ்டுக்காவது யாராவது காட்டியிருக்கிறோமா?

சாமரேல் அருவி அழகு. அதைவிட, பக்கத்தில் ஏழு வண்ண மண் என்று ஒன்று. சிவப்பு, காவி, ஊதா என்று மேடுமேடாக, ஒரு புல்கூட முளைக்காமல் கிடக்கிறது. எரிமலைப் பாறை மக்கி, மழை மற்றதையெல்லாம் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிய மண் என்றார். தம்பி, நம்ம சேர்வராயன் மலையில் அலுமினியம் எடுக்கிற பாக்சைட் தோண்டினார்களே, அதுவும் இதே கதைதான். பாறை மட்டும் வேறு, இங்கே எரிமலைக் குழம்பு, நம்மிடம் சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை. இங்கே டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். நம்ம ஊரில் செம்மண் என்று தாண்டிப் போகிறோம். அங்கேயே காப்பியும் பயிரிடுகிறார்கள், அரபிகாதான். உயரம் நம்ம மலையில் பாதிகூட இல்லை. குடித்தேன், மோசமில்லை, ஆனால் நம்ம எஸ்டேட் காப்பி மேல்.

சாயங்காலம் லெ மோர்ன் மலை அடிவாரம், கடற்கரை. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை. 1835-இல் அடிமை முறை ஒழிந்த செய்தியைச் சொல்லச் சிப்பாய்கள் வந்தபோது, பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். யாரும் பேசவில்லை. பிறகு அவர்களின் வாரிசுகள் நாலு பேர் ரவான் என்கிற ஆட்டுத்தோல் மேளத்தை நெருப்பில் காய்ச்சி எடுத்து வந்தார்கள். நம்ம ஊரில் பறையைக் காய்ச்சுகிற அதே பக்குவம். விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, மறுபடி நெருப்பில் காட்டி, சத்தம் ஏறிய பிறகுதான் செகா ஆட்டம் தொடங்கியது. பாதத்தை மண்ணைவிட்டு எடுக்காமலே ஆடுகிறார்கள்.

இப்போது உன் விஷயம். உன் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் காட்டி, பஜ்ஜி வாங்கிக்கொடுத்து இறக்கிவிடுகிறாய். நம்மிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடி கொண்டுவந்ததைச் சொல். சில்வர் ஓக்கில் மிளகு ஏறி, அந்த நிழலில் காப்பி நிற்பதை ஏதாவது ஒரு எஸ்டேட்டில் கேட்டு அனுமதி வாங்கி நடந்து காட்டு. கோடை மழை விழுந்து பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூத்து மணக்குமே, அதைப் பார்க்கவே ஒரு நாள் வைக்கலாம். செடியெல்லாம் அப்பாவுக்குப் பேரோடு தெரியும், எழுதி வாங்கிக்கொள். சேர்வராயன் குகைக் கோயிலைப் பற்றியும், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று நம்ம மலையின் மலையாளிப் பழங்குடி ஜனங்கள் சொல்கிற கதையையும் நீ சொல்லாதே. அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து பேசச் சொல், அதற்குக் கூலி கொடு. கோயில் காட்டுக்குள் அவர்கள் சம்மதம் இல்லாமல் யாரையும் நடத்தாதே.

முதல் மாதம் வருமானம் குறைந்தால் பயப்படாதே, டீசலுக்கு நான் அனுப்புகிறேன். அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன். அதற்குள் அப்பாவிடம் பேசி வை.

அன்புடன்,
அக்கா