சேதுவுக்கு, தொட்டியை இறைக்காதே

அன்புள்ள சேது,

இங்கே எல்லோரும் நலம். மழை போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்துவிட்டது. முழங்கால் வலி பழையபடிதான்.

நீ எழுதவும் மாட்டாய், போனிலும் சொல்லமாட்டாய். சிமெண்ட் தொட்டி கட்டியதும், கொளத்தூர் போய்க் கோய் என்கிற அலங்கார மீன் வாங்கி வந்ததும், அதில் பாதி செத்ததும் உன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியை மொத்தமாக இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடப்போகிறாயாம். அதற்காகத்தான் அவசரமாக எழுதி, வாட்சப்பில் படம் எடுத்து அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி.

"தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கு" என்கிறாயாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவுக்கு நிறம் ஏது? டெஸ்ட் கிட் படத்தையும் அவள் அனுப்பினாள். பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 8.8. அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். அரைதானே என்று விட்டுவிட்டாயாம். தாடி சார் இருந்திருந்தால் உன்னை மறுபடியும் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பார்.

அந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாதடா. தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, மற்றது செவுளை அரித்துவிடும். கிட் இரண்டையும் சேர்த்தே காட்டுகிறது. எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பமும்தான் தீர்மானிக்கும். 28 டிகிரியில் பிஎச் 7.5 என்றால் விஷ உருவம் நூற்றுக்கு இரண்டு பங்கு. உன் 8.8-இல் கிட்டத்தட்ட முப்பது. அதாவது உன் அரையில் 0.15 விஷம். 0.05 தாண்டினாலே செவுள் கெட ஆரம்பிக்கும்.

பிஎச் ஏன் ஏறியது? புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிகிறது. எங்கள் பக்கம் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றிய பிறகுதான் மீன் விடுவார்கள். உனக்கு எப்போதும் அவசரம், கல்யாணத்திலிருந்தே. வினிகர் ஊற்றி இறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. இறங்கின பிஎச் திரும்ப ஏறும், அந்த ஏற்ற இறக்கமே மீனைக் கொல்லும்.

இரண்டு நாள் தீனியை நிறுத்து. தொட்டியை மொத்தமாக இறைக்காதே, தினமும் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்று. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை முறிக்கிற ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட்டு, இல்லையென்றால் ஒரு நாள் காற்றோட்டமாக வைத்திருந்து விடு. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவதை விட்டுவிடு, தொட்டித் தண்ணீரிலேயே அலசு. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. அது பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், உனக்குப் பொறுமை இருந்தால்.

நடுவில், அந்தப் பாக்டீரியா அம்மோனியாவை மாற்றுவதால் உண்டாகும் நைட்ரைட் ஏறும். அதுதான் எனக்குப் பெரிய பயம். மீன் மேலே வந்து வாய் பிளந்தால் எல்லோரும் ஏர் பம்பைத்தான் கூட்டுவார்கள். ஆக்சிஜன் குறைவென்றால் அது சரி. நைட்ரைட் என்றால் ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும், எத்தனை பம்ப் போட்டும் போதாது. அதற்கு உப்பு வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பு, கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஊகிக்காமல் டெஸ்ட் செய்.

எப்போது செய்கிறாய் என்பதும் முக்கியம். என் தொட்டியில் பச்சைப் பாசி. விடியும்போது பிஎச் 7.4 காட்டுகிற அதே தண்ணீர் சாயங்காலம் 9-ஐத் தொடும். பகலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது, ராத்திரி மூச்சாக விடுகிறது. ஆக்சிஜன் மிகக் குறைவதும் விடியலில்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை பார்ப்பது ஏமாற்று வேலை. இவள் என்னை 'லேப் அட்டெண்டர்' என்றே கூப்பிடுகிறாள். டெஸ்ட் டியூபை அடுக்களையில் கழுவியதற்கு நடந்த சண்டையை நேரில் சொல்கிறேன்.

நோட்டில் தேதி, நேரம், வெப்பம், பிஎச், அம்மோனியா, நைட்ரைட் எல்லாம் எழுது. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூப்பிடுவேன், எண்களைச் சொல். நீ எடுக்காவிட்டால் உன் மகளிடமே கேட்டுக்கொள்கிறேன், அவளுக்குத்தான் பிப்பெட் ஒழுங்காகப் பிடிக்க வருகிறது.

உன்
ராமு