மெஷின் மேல் பழி போடாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று நீ எழுதியதைப் படித்தேன். பேத்திக்கு அம்மை இறங்கிவிட்டது என்றதும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சரி, கோழி விஷயத்துக்கு வருகிறேன். இன்குபேட்டர் மெஷினில் பொரித்த குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கால் பக்கவாட்டில் விரிந்துவிட்டது, எல்லாம் மெஷினால்தான் என்று எழுதியிருக்கிறாய்.

கால் விரிந்த குஞ்சுகளைக் கழித்துவிடாதே. பொரித்து ஓரிரு நாள்தான் என்றால் பெரும்பாலும் தேறிவிடும். காயத்துக்கு ஒட்டும் மைக்ரோபோர் டேப்பை மெல்லிய பட்டையாக வெட்டி, ஏறக்குறைய ஒரு விரல் இடைவெளி விட்டு இரண்டு காலையும் இணைத்துக் கட்டு. நிற்கும்போது கால் உடம்புக்கு நேர் கீழே வரவேண்டும், ஆனால் இறுகக் கூடாது. தினமும் அவிழ்த்துப் பார். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வை, கட்டோடு விழுந்தால் எழ முடியாது.

குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் புரூடரில் செய்தித்தாள் விரித்திருக்கிறாயாமே, முதலில் அதை எடு. பிறந்த குஞ்சுக்கு அது வழுக்குத்தரை. கால் ஊன்ற முடியாமல் பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கியே விரிந்துபோகும். சாக்கை விரித்துவிடு. பொரிக்கும் தட்டும் வழவழப்பாக இருந்தால் அதிலும் ஒரு துணி போடு.

விரல் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் கதை வேறு. அது ரைபோஃபிளேவின், அதாவது பி2 சத்துக் குறைவு. குஞ்சுக்கு பி காம்ப்ளெக்ஸ் சொட்டு கொடு, தாய்க்கோழிகளுக்கு முருங்கைக்கீரை போடு. வெறும் குருணையும் தவிடும் தின்ற கோழியின் முட்டையில் சத்து எங்கிருந்து வரும்? கணுக்கால் வீங்கித் தசைநார் விலகியிருந்தால் மட்டும் கட்டுப் போட்டுப் பயனில்லை. அதற்கு மாங்கனீசு, கோலின் குறைவு காரணமாக இருக்கும், டாக்டரிடம் காட்டு.

இனி அடைக்கோழிதான், மெஷினை விற்றுவிடுகிறேன் என்கிறாய். அவசரப்படாதே. ஃபேன் வைத்த மெஷினில் 37.5 டிகிரி நிலையாக இருக்கிறதா என்று தனி தெர்மாமீட்டர் வைத்துப் பார். சூடு ஏறி இறங்கினாலும் காலில் குறை வரும். 18 நாளுக்குப் பிறகு முட்டையைத் திருப்பாதே, ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்று, பொரிக்கும்போது மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே.

அடைக்கோழிக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஓரத்து முட்டையை நடுவுக்குத் தள்ளுவதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். கூடையில் கரித்துண்டும் வரமிளகாயும் போட்டு அம்மா அடை வைத்ததை நீயும் பார்த்திருக்கிறாய். ஆனால் ஒரு கோழி அடைகாத்துக் குஞ்சையும் வளர்த்து முடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை முட்டை இல்லை. முட்டை விற்றுத்தான் தீவனம் வாங்குகிறாய் என்பதை மறக்காதே.

என் யோசனை இதுதான்: மெஷினில் பொரி, கோழியிடம் வளர்க்க விடு. மெஷினில் வைக்கும் அன்றே ஒரு கோழியையும் அடையில் உட்கார வை. அதற்குக் குஞ்சு பொரிக்கும் இரவில் மெஷின் குஞ்சுகளையும் இறக்கைக்கு அடியில் விடு. இருட்டில் ஏற்றுக்கொள்ளும். மறுநாள் காலை கொத்துகிறதா என்று மட்டும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்.

குஞ்சுகளின் காலை படம் எடுத்து அனுப்பு. எது கட்டினால் தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமன்