மாமாவின் பெல்ட்டில் புது ஓட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதி, மருமகள் போட்டோ எடுத்து அனுப்பிய இரண்டு பக்கமும் கிடைத்தது. நாலு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை, போனிலும் "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் பேசவில்லை. கோபப்படாமல் நீயே முதலில் எழுதியது என்னை ரொம்ப உறுத்திவிட்டது.

நான் நன்றாக இருக்கிறேன், அம்மாவிடம் அப்படியே சொல். லிவர்பூலில் இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மெர்சி ஆற்றுக் காற்று குடையைப் பிய்த்துப் போட்டுவிடும். பஸ்ஸை விட்டுவிட்டு லேபுக்கு நாற்பது நிமிஷம் நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லது. போன ஞாயிறு டின் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன், இஞ்சித் துவையல் இல்லாமல். புதன் வரைக்கும் அதுதான் சாப்பாடு. பக்கத்து வீட்டுத் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி தவறாமல் வந்து கதவைத் தட்டுவார். இங்கே தொட்டிக்கு ஊதா நிறம். லிவர்பூல் அணிக்குச் சிவப்பு, எவர்டனுக்கு நீலம், சண்டை வரக் கூடாதென்று இரண்டையும் கலந்துவிட்டார்கள் என்பார். லேபுக்கு வெளியே நான் உட்கார்ந்து பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான்.

ஆபரேஷன் செய்கிற கையை வைத்துக்கொண்டு அங்கே எதற்கு ஆராய்ச்சி என்று அத்தான் கேட்டிருக்கிறார். அவருக்கு இதை வாசித்துக் காட்டு. கணையத்தின் தலைப்பக்கம் புற்றுநோய்க் கட்டி வந்தால் செய்கிற விப்பிள் ஆபரேஷனில் ஐந்தாறு மணி நேரம் நின்று, கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தைப்போம். தையல் பிடித்து நோயாளி நடந்து வீட்டுக்குப் போவார். அடுத்த பொங்கலுக்கோ அதற்கடுத்த பொங்கலுக்கோ நோய் திரும்பி வந்து நிற்கும். எத்தனை பேரை அப்படிப் பார்த்துவிட்டேன்! கத்தியால் மட்டும் முடியாது. இந்த ஊரிலிருந்து நடத்திய எஸ்பாக்-4 ஆய்வில், 2017-ல், ஆபரேஷனுக்குப் பிறகு ஜெம்சிடபின் என்ற புற்றுநோய் மருந்தோடு கேப்சிடபின் மாத்திரையும் சேர்த்தபோது பாதிப் பேராவது உயிரோடிருக்கும் காலம் 25.5 மாதத்திலிருந்து 28 மாதமானது. இரண்டரை மாதம்தானே என்று தோன்றும். ஆனால் ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் 100-க்குச் சுமார் 16 என்பது 29 ஆகும் என்று கணக்கிட்டார்கள், எனக்கு அது பெரிய விஷயம்.

என் வேலை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் துவரம்பருப்பளவு கட்டித் துண்டை வளர்ப்பது. அதை நறுக்கிக் கரைத்து, ஒரு ஜெல்லில் கலந்து சொட்டுச் சொட்டாக வைக்க வேண்டும். அந்த ஜெல் ஐஸில் இருக்கும்வரை தண்ணீர் மாதிரி ஓடும், கொஞ்சம் சூடு பட்டால் உறைந்துவிடும், அதனால் அதை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட் குழாயின் நுனியைக்கூடக் குளிர வைத்துத்தான் எடுப்பேன். எல்லாம் சரியாக நடந்தால் சில நாளில் மைக்ராஸ்கோப்பில் வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாகத் தெரியும். அந்த நோயாளியின் கட்டிக்கு எந்த மருந்து கேட்கும் என்று அதில் போட்டுப் பார்க்கிறோம்.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடி வாசித்தேன். மாமா இளைத்து இளவட்டம் மாதிரி ஆகிவிட்டார், பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டேன். அதற்கு நாலு வரி கீழே, ஐப்பசியில் அவருக்குப் புதிதாகச் சர்க்கரை கண்டிருக்கிறது என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

பயப்படாதே. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வருகிறவர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் கணையப் புற்றுநோய் இருக்கும். ஆனால் கூடவே உடம்பும் இளைத்தால் சும்மா விடக் கூடாது. கட்டி கணையத்தின் வாலில் இருந்தால் மஞ்சள் காமாலைகூட வராது. இந்த நோய் தெரிய வரும்போது நூற்றில் பதினைந்து இருபது பேருக்குத்தான் ஆபரேஷன் செய்யும் நிலை இருக்கும், அதனால்தான் இந்த அவசரம்.

பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று மாமா சொல்வார், விடாதே. அத்தானோடு இந்த வாரமே திருநெல்வேலிக்கு அனுப்பு. வெறும் அல்ட்ராசவுண்ட் போதாது, மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன், கணையத்துக்கு என்று கேட்டு எடுக்க வேண்டும். முன்னதாகச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பார்க்கச் சொல். ராத்திரியில் முதுகு வலிக்கிறதா, மலம் எண்ணெயாக மிதக்கிறதா என்று அத்தை மூலமாகக் கேள், உன்னிடம் சொல்ல மாட்டார். செலவுக்குக் கன்றுக்குட்டியை விற்க வேண்டாம். கோட்டு வாங்க வைத்திருந்த பணத்தை இன்றைக்கே அனுப்புகிறேன், பழைய கோட்டே போதும், இங்கே குளிர் அவ்வளவு ஒன்றும் இல்லை.

அக்கா, அப்பா போன வருடத்திலிருந்து உனக்குப் பொங்கல் படி கொண்டு வருவது மாமாதானே. தலையில் கரும்புக் கட்டும் கையில் பித்தளைப் பானையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெரு முனையிலேயே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாரே, இன்றைக்கு இந்த இருட்டில் நடந்து வரும்போது அந்தக் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் வந்து செய்ய வேண்டியதை அவர் செய்கிறார். இந்தத் தடவை கரும்பைத் தூக்க விடாதே. படிப்பணம் மாதக் கடைசியில் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அம்மாவிடம் இப்போதைக்கு ஸ்கேன் என்று சொல்ல வேண்டாம், சர்க்கரை டெஸ்ட் என்று சொல். ரிப்போர்ட் தாளோடு படங்கள் இருக்கும் டிஸ்க்கையும் கேட்டு வாங்கி, மருமகளை எனக்கு அனுப்பச் சொல். எத்தனை மணியானாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

உன் தம்பி