சட்டப் படிப்புக்கு எட்டு வருடக் கணக்கு போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான வழிகாட்டிப் பக்கத்தில் சட்டப் படிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எந்தெந்தக் கல்லூரி, எப்படி விண்ணப்பிப்பது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. பட்டம் வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை. தருமபுரி நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவன் என்பதால் அதை எழுதுகிறேன். ஒவ்வொரு கோடையிலும் பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கத்துப் பெற்றோர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கே வருகிறார்கள். "சார், லோன் போட்டு வக்கீலுக்குப் படிக்க வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள் என்பேன். லட்சக்கணக்கில் கடன் வாங்கினால்தான் படிக்க முடியும் என்கிற வீட்டுக்காரர்களிடம், எட்டு வருடத்துக்குக் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

படிப்பு ஐந்து வருடம். அதற்குப் பிறகு ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக மூன்று வருடமாவது இருந்தால்தான் வக்காலத்து போடுவதிலிருந்து குறுக்கு விசாரணை வரை கை பழகும். சிவில் நீதிபதி தேர்வு எழுதலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். மூன்று வருடம் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. படித்து முடித்த கையோடு தேர்வு எழுதி நீதிபதி ஆகிவிடுவான் என்ற நம்பிக்கையில் கடன் வாங்க இனி இடமில்லை. டிகிரி முடித்துவிட்டு மூன்று வருட எல்.எல்.பி. சேர்கிறவர்கள் ஆறு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடனைப் பார்ப்போம். தனியார் கல்லூரியில் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்துக்கு 6 லட்சம். 10 சதவீத வட்டியில் பத்து வருடத் தவணை என்றால் மாதம் 7,900 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கிற காலத்தில் ஏறிய வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. 4 லட்சத்தைத் தாண்டிய கடனுக்கு வங்கி பொதுவாக மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கும், ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தை அடமானம் கேட்கும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை பொறுத்திருப்பார்கள், அப்புறம் தவணை ஆரம்பித்துவிடும். அதாவது பிள்ளை ஜூனியராகி இரண்டாம் வருடத்தில் கால் வைக்கும்போது.

அந்த இரண்டாம் வருடத்தில் அவர் கைக்கு என்ன வரும்? எங்கள் ஊரில் மாதம் ஐயாயிரம் தருகிற சீனியரை நல்ல சீனியர் என்கிறோம். பல இடங்களில் பஸ் செலவும் மதியச் சாப்பாடும்தான். வெளிக் கோர்ட்டுக்கு வாய்தா வாங்கப் போனால் அன்றைக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். இதில் தவணையை யார் கட்டுவது? அப்பாதான் கட்டுகிறார். மாங்காய் சீசன் பொய்த்த வருடம் அவராலும் முடியாது. வங்கியிலிருந்து வீட்டுக்கு ஆள் வரும். சட்டத்தில் நல்ல பிடிப்புள்ள பிள்ளைகள் இந்த நிலையில் கவுனைக் கழற்றி வைத்துவிட்டு ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போவதைப் பார்த்து வருகிறேன். அந்தக் குடும்பம் கட்டிய பணமும் பிள்ளையின் ஐந்து வருட உழைப்பும் அதோடு நின்றுபோகின்றன.

தொழிலிலேயே இருப்பவர்களைக் கடன் வேறு விதமாகக் கெடுக்கிறது. தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால், அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கண் திறப்பதற்குள் நஷ்டஈடு கேஸ் பிடித்துத் தருகிற தரகர்கள் அங்கே நிற்கிறார்கள். மாதக் கடைசியில் தவணை கட்டியாக வேண்டிய இளம் வக்கீலைத்தான் அவர்கள் முதலில் தேடி வருகிறார்கள். கமிஷன் கொடுத்து கேஸ் வாங்கப் பழகியவர் அதிலிருந்து மீள்வது கடினம்.

அரசுக் கல்லூரியை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். 2017க்கு முன்பு எங்கள் மாவட்டத்துப் பிள்ளை அரசுக் கல்லூரியில் சட்டம் படிக்க வேண்டும் என்றால் வேலூர், கோவை, சென்னை என்று போக வேண்டும். அந்த வருடம் தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி வந்தது. 2019இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் வந்தன. கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021 முதல் சட்டப் படிப்புக்கும் உண்டு. அதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அப்போதே அறிவித்தார்கள். இது எங்கள் பக்கத்து மலைக் கிராமங்களில் பல வீடுகளுக்கு இன்னும் தெரியவில்லை. தலைமை ஆசிரியர்கள் பிளஸ் டூ வகுப்பிலேயே இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லையைத் தாண்டினால் கர்நாடகமும் ஆந்திரமும் இருப்பதால் இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். "வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று சொல்லிப் பணம் வாங்குகிற ஏஜென்டுகளிடம் ஏமாறாதீர்கள். வழக்கறிஞர் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்துகிற பார் கவுன்சிலின் விதிப்படி 70 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். வகுப்புக்கே போகாமல் வாங்குகிற பட்டத்தை நம்பிக் கடன் வாங்குவதைப் போல ஒரு குடும்பத்துக்குக் கேடு வேறில்லை.

ஒரு பாரம் உண்மையிலேயே குறைந்திருக்கிறது. முன்பு என்ரோல்மென்ட்டுக்கே, அதாவது பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கே, பல ஆயிரம் புரட்ட வேண்டும். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்கள் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். பட்டம் வாங்கியவர்கள் தொழில் செய்வதற்காக எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வின் கட்டணம் மட்டும் இன்னும் ஆயிரக்கணக்கில்தான் இருக்கிறது.

ஜூனியர்களின் சம்பளம்தான் அப்படியே கிடக்கிறது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20 ஆயிரமும் மற்ற ஊர்களில் 15 ஆயிரமும் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20 ஆயிரம், கிராமப்புறத்துக்கு 15 ஆயிரம் என்று குறைந்தது மூன்று வருடம் தரச் சொல்லி சுற்றறிக்கை விட்டது. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. தாலுகா கோர்ட்டில் செக் கேஸும் பாகப்பிரிவினையும் பார்க்கிற சீனியர் பலருக்கு 15 ஆயிரம் கொடுக்க வசதி இல்லை என்பதும் உண்மை. ஆகவே சீனியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு வருடத்துக்கு மாதம் 3,000 ரூபாய் என்று தமிழக அரசு 2020இல் ஒரு திட்டம் அறிவித்தது. அந்தத் தொகையை உயர்த்தி மூன்று வருடத்துக்கு நீட்டிக்க வேண்டும். கல்விக் கடனில் சட்டம் படித்தவர்களுக்கு என்ரோல் ஆன நாளிலிருந்து மூன்று வருடம் தவணை கேட்காமல் வங்கிகள் பொறுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். சம்பளம் வராத இரண்டு வருடத்துக்குள் வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது, அதோடு பலர் கோர்ட் பக்கமே வருவதில்லை.

இவ்வளவு செலவும் சிரமமும் எதற்கு, வேறு படிப்பு இல்லையா என்று கேட்பவர்களுக்கு அரூர் அருகே உள்ள வாச்சாத்தியை நினைவூட்டுகிறேன். அந்த மலைவாழ் மக்கள் மீது 1992 ஜூனில் அரசு ஊழியர்களே நடத்திய கொடுமைக்கு, எங்கள் தருமபுரி அமர்வு நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆகிவிட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாக ஏழைகள் பக்கம் சட்டம் தெரிந்த ஆட்கள் நிற்க வேண்டியிருந்தது. அப்படி நிற்கக்கூடியவர்கள் இந்த ஊர் வீடுகளிலிருந்தே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மாதம் எட்டாயிரம் தவணை கட்டுகிற இளம் வக்கீலை அப்படியொரு வழக்கில் நிற்கச் சொல்ல என்னால் முடியாது.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒன்று. கவுன்சலிங்குக்கு முன்னால் ஒரு வேலை நாளில், மதிய இடைவேளை நேரத்தில், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்க் கோர்ட்டுக்குப் போங்கள். என்னைப் போன்ற பழைய ஆட்களை விட்டுவிட்டு, என்ரோல் ஆகி ஓரிரு வருடமான ஜூனியர்களிடம் பேசுங்கள். மாதம் எவ்வளவு வருகிறது, வீட்டிலிருந்து எவ்வளவு வாங்குகிறார்கள், லோன் இருந்தால் தவணையை யார் கட்டுகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
தருமபுரி.