வாழ்நாள் சந்தா யாருடைய வாழ்நாளுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருபுறம் பாக் நீரிணையும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த மண்டபத்தில் உப்புக்காற்று எந்த மின்சாதனத்தையும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை. கடலுக்குச் செல்லும் என் தம்பி கரை திரும்பியபின் பார்ப்பதற்காக, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி ஒன்றை, மொத்தமாக 'வாழ்நாள் சந்தா' கட்டி வாங்கியிருந்தேன். சென்ற மாதம் அது நின்றுவிட்டது. பழுதுபார்ப்பவர் மூடியைக் கழற்றிக் காட்டியபோது, போர்டில் பற்றவைத்த இடங்களெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருந்தும், பதிவுகள் அந்தப் பெட்டிக்கென்றே பூட்டப்பட்டிருப்பதால் வேறு பெட்டியில் ஓடாதாம்.

புதிய பெட்டியை என் செலவிலேயே வாங்கிக்கொள்கிறேன், சந்தாவை மட்டும் அதற்கு மாற்றித் தாருங்கள் என்று நிறுவனத்திடம் கேட்டதற்கு, வாழ்நாள் என்றால் பெட்டியின் வாழ்நாள்தான் என்று பதில் வந்தது. அமெரிக்காவில் 1999-இல் விற்பனைக்கு வந்த டிவோ என்ற இதேபோன்ற பதிவுக் கருவியின் வாழ்நாள் சந்தாவும் கருவியையே சார்ந்திருந்தது என்பதை அறிவேன். வழக்கம் பழையது என்பதால் அது நியாயமாகிவிடாது. பணம் கட்டியவன் நான், பெட்டி அல்ல.

நியாயமற்ற ஒப்பந்தம் எது என்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்துள்ளது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துள்ளேன். சந்தா யாருக்கு, பெட்டி கெட்டால் மாற்றித் தரப்படுமா என்பதை ரசீதிலேயே தமிழில் அச்சிட வேண்டும் என அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.