அந்த இருபது விநாடி மௌனத்தை விட்டுவிடுங்கள்

க்ரைம் தொடர்களுக்கு நடுவே விளம்பரம் செருகும் ஓடிடி நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

எட்டாவது அத்தியாயத்தின் 39-வது நிமிடத்தைப் பற்றி எழுதுகிறேன். தொடரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும், அது என் நோக்கமல்ல. எந்தத் தொடர் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் இதே நிமிடத்தைக் குறிப்பிட்டு மூன்று முறை புகார் அனுப்பியிருக்கிறேன். மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது. என் கருத்து உங்களுக்கு மிகவும் முக்கியமாம்; செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்க வேண்டுமாம். நிறுவிப் பார்த்தேன். விளம்பரம் முன்பைவிடத் தெளிவாக வந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரமே வரக்கூடாது என்று நான் கேட்கவில்லை. குறைந்த கட்டணச் சந்தா, விளம்பரம் வரும் என்று தெரிந்தேதான் சேர்ந்தோம். நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு காட்சிக்கு நடுவில் வெட்டாதீர்கள். காட்சி முடியட்டும், அப்புறம் எத்தனை விளம்பரம் வேண்டுமானாலும் போடுங்கள்.

அந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை உங்கள் பிரிவில் யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா? பார்த்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

விசாரணை அறை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அந்தப் பக்கம் கொலையான பெண்ணின் வளர்ப்பு அப்பா. ஏழு அத்தியாயங்களாக அவர்தான் கொலைகாரர் என்று எல்லோரும் நம்புகிறார்கள், நானும்தான். அவர் வாயைத் திறக்காமல் இருப்பது தனக்காக அல்ல, தன் சொந்த மகனுக்காக இருக்கலாம் என்ற சந்தேகம் இன்ஸ்பெக்டருக்கு அன்றைக்குத்தான் தட்டுகிறது. சரி, அவள் மட்டும் யோக்கியமா? தம்பி குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரை இடித்துப் போட்ட வழக்கில் ஒரு காகிதத்தை அவளே காணாமல் போகச் செய்ததை நான்காவது அத்தியாயத்தில் பார்த்துவிட்டோம். கூட வேலை செய்பவர்கள் யாருக்கும் அது தெரியாது. நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் எதிரே இருப்பவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: “நம்ம ரத்தம்னா எந்தப் பொய்யையும் சொல்லிடலாமா?”

யாரைக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் பதில் சொல்லவில்லை. இசை கிடையாது. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்த அவள் விரல் நிற்கிறது. அது நின்றதை அவர் பார்த்துவிடுகிறார். தலை மெல்ல நிமிர்கிறது. இவளும் எதையோ மறைக்கிறவள்தான் என்று அவருக்குப் பிடிபடப் போகிறது, கண் லேசாகச் சுருங்குகிறது,

உடனே பளிச்சென்று ஒரு சலவைத்தூள் விளம்பரம். கொடியில் வெள்ளைத் துணிகள் பறக்க, ஒரு குடும்பமே கை கோத்து ஆடுகிறது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு. திரும்பி வந்தால் அவர் “ஆமா” என்கிறார். அவ்வளவுதான். அந்த “ஆமா” எனக்கு வெறும் தகவலாக வந்து சேர்ந்தது. நிறுத்தாமல் பார்த்திருந்தால் அது ஒரு குற்றவாளி இன்னொரு குற்றவாளியை அடையாளம் கண்டுகொண்டு சொல்லும் “ஆமா”. அந்த மௌனம் முழுதாக இருபது விநாடி என்று பின்னால் ஓட்டிப் பார்த்து எண்ணித்தான் கண்டுபிடித்தேன். பின்னால் ஓட்டினால் அந்த மூன்று விளம்பரங்களும் மறுபடி வரும் என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்கிறேன். மகளுக்கு இரண்டு வயது. அவள் தூங்கிய பிறகுதான் என் கணவரும் நானும் தொடர் பார்க்க உட்காருவோம், பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல்தான். க்ரைம் தொடர் என்றாலே பாதி வசனம் கிசுகிசுப்பு. அதைக் கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்போம். கிசுகிசுப்புக்காகக் கூட்டிய சத்தத்தில் சலவைத்தூள் பாட்டு பாடினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ரிமோட்டை நான் தேடி எடுப்பதற்குள் அடுத்த அறையில் அழுகை. அந்த இன்ஸ்பெக்டரின் வாழ்க்கையே தலைகீழாகும் மீதிக் காட்சியை, தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டு, சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டு, திரையின் அடியில் வரும் வசன எழுத்தை மட்டும் படித்து முடித்தேன். அந்த மௌனத்துக்கு எழுத்தில் நீங்கள் போட்டிருந்தது “[அமைதி]”. நல்லது, அதையாவது போட்டீர்கள்.

நிகழ்ச்சியைவிட விளம்பரம் உரக்கக் கேட்கக்கூடாது என்று அமெரிக்காவில் 2010-லேயே சட்டம் இயற்றி, 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தொலைக்காட்சிக்கு மட்டும். அப்போது உங்களைப் போன்றவர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

விளம்பரத்துக்கு இடம் தேட மனிதர்களை வைக்காமல் மென்பொருளை வைப்பவர்கள் உண்டு. திரை இருளும் இடத்தையும் ஒலி அடங்கும் இடத்தையும் அது தேடிப் பிடித்துக் குறித்துவைக்கும். உங்களிடம் இருப்பதும் அந்த வகைதான் என்று அந்த 39-வது நிமிடமே சொல்லிவிடுகிறது. பாட்டுப் போட்டி நிகழ்ச்சிக்கு அது சரிப்படலாம். க்ரைம் தொடரில், அதுவும் விசாரணைக் காட்சியில், யாரும் பேசாத நேரத்தில்தான் கதை நகர்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அந்த ஆள் என்ன கணக்குப் போடுகிறான் என்று பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம்? உங்கள் மென்பொருள் அந்த இடத்தைக் காலி மனை என்று நினைத்துப் பலகை நட்டுவிடுகிறது.

விளம்பரமும் இறுக்கமான காட்சியும் சேர்ந்தே இருக்க முடியாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1993-ல் அமெரிக்காவின் என்பிசி சேனலில் ‘ஹோமிசைட்: லைஃப் ஆன் த ஸ்ட்ரீட்’ தொடரில் ‘த்ரீ மென் அண்ட் அடீனா’ என்று ஓர் அத்தியாயம் வந்தது. கிட்டத்தட்ட முழு அத்தியாயமும் ஒரே விசாரணை அறைக்குள். பதினொரு வயதுச் சிறுமியின் கொலை வழக்கு, சந்தேகத்தில் ஒரு முதியவர், எதிரே பெம்பிள்டன், பேலிஸ் என்று இரண்டு துப்பறிவாளர்கள், கையில் இருப்பது பன்னிரண்டு மணி நேரம். எழுதிய டாம் ஃபான்டானாவுக்கு எம்மி விருது கிடைத்தது. முதியவர் கடைசிவரை கொலையை ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஆனால் இவர்தான் செய்தார் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த பேலிஸுக்கு முடிவில் சந்தேகம் வந்துவிடும். சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த பெம்பிள்டன் இவர்தான் என்று நம்பத் தொடங்குவார். இரண்டு பேரும் இடம் மாறுவது வசனத்தில் பாதி, முகத்தில் பாதி.

இது விளம்பரம் ஓடும் சேனல்தான். ஆனால் விளம்பரம் எங்கே வரும் என்று தெரிந்து, அதற்கு ஏற்றபடி பகுதி பகுதியாக எழுதினார்கள். ஒரு பகுதி முடியும்போது நாம் ஒரு கேள்வியோடு எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம். அப்படிப்பட்ட இடைவெளி கதையின் உறுப்பு. நீங்கள் செய்வது, இடைவெளியே வைக்காமல் எழுதிய கதையின் நடுவில் கத்தரியை வைப்பது.

‘த சோப்ரானோஸ்’ என்ற அமெரிக்க மாஃபியா தொடர் எப்படி முடிந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். 2007 ஜூன் 10 அன்று, உணவகத்தில் அதன் நாயகன் டோனி நிமிர்ந்து பார்க்கும்போது திரை சட்டென்று கறுப்பாகும், ஒலியும் நின்றுவிடும், சில விநாடிகள் எதுவுமே இருக்காது. கேபிள் போய்விட்டது என்று பலர் பதறினார்கள். அது நிகழ்ச்சி நடுவே விளம்பரம் போடாத எச்பிஓ சேனல் என்பதால் தப்பித்தது. கறுப்புத் திரை, சுத்தமான நிசப்தம் இரண்டும் ஒரே இடத்தில்! உங்கள் மென்பொருளிடம் மாட்டியிருந்தால் டோனிக்கு என்ன ஆனது என்று இன்றுவரை யாரும் வாதம் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். சலவைத்தூள்காரர்கள்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள் என்று முடிவாகியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒளிபரப்பு விதிகளில், தொலைக்காட்சி நிகழ்ச்சியில் விளம்பரம் செருகும்போது அதன் இயல்பான இடைவெளிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அதன் முழுமைக்குக் கேடு வரக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். திரைப்படம் என்றால் முப்பது நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் வெட்ட முடியாது. தொடர்களுக்கு அந்த முப்பது நிமிடக் கணக்கு கிடையாது. விதி எழுதியவர்களுக்கும் தொடர் என்றால் கொஞ்சம் இளக்காரம்தான் போலும்.

சொல்லிக்கொண்டே வரும்போது இன்னும் சிலவும் நினைவுக்கு வருகின்றன. அத்தியாயம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் திரையை மூலைக்குத் தள்ளி, “அடுத்தது 5 விநாடியில்” என்று எண்ணத் தொடங்குகிறீர்களே, எதற்கு அந்த அவசரம்? ஒருவன் செத்திருக்கிறான், அதை ஜீரணிக்க ஐந்து விநாடியா? ஆறாவது அத்தியாயத்தின் அட்டைப்படமாக, ஐந்தாவதில் யார் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த அந்த ஆளைக் கைவிலங்கோடு போட்டது யார் யோசனை? “இந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்” என்று அதே இரவு ஒரு சமையல் போட்டியைப் பரிந்துரைத்தீர்கள். நான் அதுவரை பார்த்தது கழுத்தை நெரித்துக் கொலை செய்யும் கதை. சரி, இதெல்லாம் வேறு மடலுக்கு. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

என் வேண்டுகோளுக்கே வருகிறேன். காட்சிக்கு நடுவில் வெட்டாதீர்கள். ஒரு மணி நேர அத்தியாயத்தில் காட்சி மாறும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. கார் புறப்படும், கதவு மூடும், இரவு பகலாகும். அவற்றில் நாலைந்தைக் குறித்துக் கொடுக்க தொடர் பார்த்துப் பழகிய ஒருவருக்கு ஒரு மணி நேரம் போதும். அந்த அளவுக்கும் ஆள் இல்லையென்றால், எடிட்டரிடம் கேளுங்கள். ஒவ்வொரு காட்சியும் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியும். எல்லாத் தொடருக்கும் இன்றே செய்ய முடியாது என்பது புரிகிறது. விசாரணைக் காட்சிகளிலிருந்து தொடங்கலாமே.

இறுதி அத்தியாயம் வந்துவிட்டது என்று அறிவிப்பு அனுப்பியிருக்கிறீர்கள். இன்ஸ்பெக்டர் தன் தம்பியை எதிரே உட்காரவைத்துப் பேசும் காட்சி அதில் இருக்கிறதாம், தோழி சொன்னாள். என்ன பேசினார்கள் என்று அவள் சொல்ல வந்தபோது காதைப் பொத்திக்கொண்டேன். இன்னும் பார்க்கவில்லை. அதில் எந்த நிமிடத்தில் விளம்பரத்தைச் செருகியிருக்கிறீர்கள் என்று ஒரு முறை பார்த்துச் சரிசெய்துவிட்டு, தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். செயலியை நீக்கி நிறுவச் சொல்லாத ஒரு வரி. அதுவரை காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
39-வது நிமிடத்திலேயே நின்றுகொண்டிருக்கும் ஒரு சந்தாதாரர்