பாம்புக்குப் பிறகு கல்லா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பரிணாமம் பற்றிச் சென்ற இதழில் வந்த இரண்டு கட்டுரைகளையும் படித்தேன். ஒருவர், உயிர்களைக் கடவுள் தனித்தனியாகப் படைத்தார், பரிணாமம் 'வெறும் கோட்பாடு' என்கிறார். மற்றவர், பரிணாமம் உண்மைதான், ஆனால் டார்வினுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே மாணிக்கவாசகர் அதைப் பாடிவிட்டார் என்கிறார். பார்வைக்கு எதிரும் புதிருமாக இருக்கிறார்கள். எனக்கென்னவோ இருவரும் சமய நூலை உயிரியல் பாடப்புத்தகமாகப் படிப்பதாகத்தான் படுகிறது. முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். திருவாசகமும் தினமும் படிப்பவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இரண்டாமவரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் காட்டுவது 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்ற சிவபுராண வரி. சரி, அதோடு ஏன் நிறுத்திக்கொண்டார்? தொடர்ந்து படித்தால், 'பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக் கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்' என்று போகிறது. மிருகத்துக்குப் பிறகு பறவை, பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல்! இதைப் பரிணாம வரிசை என்று என் மாணவி எழுதியிருந்தால் பூஜ்யம்தான் போட்டிருப்பேன். ஆனால் மாணிக்கவாசகர் வரிசை சொல்லவே வரவில்லையே. ஓர் உயிர் எடுத்த பிறவிகளை எண்ணி, 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்' என்று அழுகிறார். அந்த 'இளைத்தேன்'தான் பாட்டின் உயிர். பரிணாமத்தில் தனி உயிர் எதுவும் இன்னொன்றாக மாறுவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம்தான் மாறுகிறது. பிறந்து பிறந்து இளைப்பதற்கு அங்கே ஆளே இல்லை.

முதலாமவருக்கு 'கோட்பாடு' என்ற சொல்தான் பிடிமானம். பேச்சில் அதற்கு ஊகம் என்று பொருள் கொள்கிறோம். நோய்களைக் கிருமிகள் உண்டாக்குகின்றன என்பதும் அறிவியலில் கோட்பாடுதான். அதற்காக யாரும் கை கழுவாமல் இருப்பதில்லை.

உயிர்களைத் தனித்தனியாக வடிவமைத்ததாகச் சொல்பவர்களுக்கு நான் வகுப்பில் காட்டுவது குரல்வளை நரம்பை. மூளையின் அடியிலிருந்து குரல்வளைக்கு ஒரு சாண் தூரம்கூட இருக்காது. இடப்பக்க நரம்போ நேரே போகாமல் நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. நெஞ்சுக்குள் கட்டி வந்த சிலருக்குக் குரல் கம்மிப்போவது இதனால்தான். ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே பாதைதான், கழுத்து நெடுக இறங்கி மறுபடி கழுத்து நெடுக ஏற்றம். மீனைப் பார்த்தால் காரணம் புரிகிறது. மீனில் இதற்கு இணையான நரம்பு செவுளுக்கு நேராகவே போகிறது. பின்னால் வந்த உயிர்களில் கழுத்து நீண்டு இதயம் கீழே இறங்கியபோது, நரம்பு இரத்தக் குழாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டு கூடவே நீண்டது. "அப்ப சாமி ஏன் டீச்சர் இப்படிச் சுத்தவிட்டாரு?" என்று ஒரு பெண் கேட்டாள். "அது விலங்கியல் கேள்வி இல்லம்மா" என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பரிணாமம் நிரூபணமானதும் கடவுள் கணக்கு முடிந்துவிட்டது என்று கொண்டாடும் நண்பர்களும் கொஞ்சம் நிதானிக்கலாம். பட்டாணிச் செடியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. பரிணாமத்தின் வெளிச்சத்தில் பார்த்தால்தான் உயிரியலில் எதற்கும் பொருளுண்டு என்று 1973-ல் எழுதிய மரபியலாளர் டப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். 2004-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் படைப்புக் கொள்கையை உயிரியல் வகுப்புக்குள் கொண்டுவரப் பார்த்தது. வழக்குப் போட்டுத் தடுத்த பெற்றோருக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996-லேயே சொல்லிவிட்டார். டார்வினோ, ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியுமா என்று சந்தேகப்படுவதே அபத்தம் என்று 1879-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது, கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாதவன் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

அப்புறம், முதல் கட்டுரையில் ஒரு திருத்தம். 'குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?' என்று கேட்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலிருந்து என் காதில் விழும் கேள்வி இது. இன்றைய சிம்பன்சியிலிருந்து நாம் வந்தோம் என்று எந்த உயிரியலாளரும் சொல்லவில்லை. அதுவும் நாமும் சுமார் அறுபது, எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவர்கள். என் சித்தப்பா மகன் நன்றாக இருக்கிறான் என்பதற்காக நான் என் தாத்தாவுக்குப் பேத்தி இல்லை என்றாகிவிடுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை